முதலில் திரும்பும் தலை

மாலை மணி ஐந்து பத்து. முதலில் கண்ணில் பட்டவை பிடரிகள்.

ஒட்ட வெட்டிய பையன்களின் பிடரிகள், இரட்டைச் சடைக்கு நடுவே வகிடு இறங்கும் பிடரிகள். எல்லாம் ஒரே அளவுக்குக் குனிந்திருந்தன. மலேசியாவில், கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடி அது. முன்பாதியை எங்கள் நாளிதழ் தன் கிள்ளான் நிருபருக்காக, அதாவது எனக்காக, வாடகைக்கு எடுத்திருந்தது. பின்பாதி டியூஷன் மையம். நடுவில் பிளைவுட் தடுப்பு. கதவு வைக்க வேண்டிய இடத்தை வெட்டிவிட்டு, கதவு வைக்க மறந்திருந்தார்கள். சாவியோடு முதல் தடவை படியேறியவன் அந்த இடைவெளி வழியே பார்த்தேன்.

பேச்சுச் சத்தம் இல்லை. கீழே யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்தார்கள். அப்போது முன்வரிசையில் ஒரு சடை அசைந்தது. அந்தப் பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கி, பின்னால் திரும்பி, மூன்றாம் வரிசையில் இருந்த குண்டுப் பையனைப் பார்த்தாள். அடுத்து ஒரு பையன் திரும்பினான். பிறகு இரண்டு பேர் சேர்ந்து. பிறகு ஒரு வரிசையே. யாரோ குசு விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். குண்டுப் பையன் மட்டும் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து வியர்த்திருந்தது.

வெண்பலகை ஓரம் நின்ற பெண்மணிக்கு வயது நாற்பதுக்கு மேல். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கையில் மூடி கழற்றிய மார்க்கர்.

“முடிச்சவங்க கேள்விக்குப் போங்க” என்றார். குரல் உயரவில்லை. பக்கத்துப் பாதியில் நான் இருந்த காலம் முழுவதும் அது உயர்ந்து நான் கேட்டதில்லை. பிரம்பும் கிடையாது. பிள்ளைகளை அவர் தொட்டே நான் பார்த்ததில்லை.

அன்று வகுப்பு விட்டதும் உருளைக்கிழங்கு வைத்த கரிபாப் ஒன்றைத் துடைதாளில் சுற்றி எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“பேப்பர்காரரா சார்? பிரிண்டர் இருக்கா?”

இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருடைய பயிற்சித்தாள் என் அச்சுப்பொறியில்தான் வெளிவந்தது. வெளிவருவதற்கு முன் எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் மட்டும் எடுத்தார். வாசிப்பு, இலக்கணம், சொல்வளம். ஆறாம் ஆண்டுத் தேர்வை அரசாங்கம் ரத்து செய்த பிறகு அந்தத் தெருவிலேயே மற்ற மையங்கள் காலியாயின. இவருடைய மையத்தில் மட்டும் மேசை போதவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். எழுத்துக்கூட்டி வந்த பிள்ளை ஆண்டு முடிவதற்குள் கடகடவென்று வாசிக்கும். வாசித்ததற்குப் பொருளும் சொல்லும். எப்படி என்று மட்டும் பெற்றோர் கேட்கவில்லை.

எப்படி என்றால், கருத்துணர்தல் பத்திகளை அவர் புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை. அவரே எழுதுவார். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவரைப் பற்றி எழுதுவார். பெயர் இருக்காது, ‘ஒரு சிறுவன்’, ‘ஒரு சிறுமி’. நடந்ததைத்தான் எழுதுவார், ஒரு வரிகூடக் கூட்டமாட்டார். யார் என்று காட்டும் அடையாளம் எப்போதும் கடைசி வாக்கியத்தில் இருக்கும். கடைசிக் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: ‘இப்பத்தியில் வருபவர் யார்?’

முதல் நாள் நான் பார்த்தது, அம்மா கட்டிக் கொடுக்கும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைத் தினமும் கால்வாயில் கொட்டிவிட்டு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நண்பர்களின் தட்டிலிருந்து எடுத்துத் தின்னும் ஒரு சிறுவனைப் பற்றியது. கடைசி வாக்கியம்: ‘அவன் காற்சட்டையின் இரண்டாம் கொக்கியை இப்போது போட முடிவதில்லை.’

“எவன் முதல்ல திரும்புறான்னு பாருங்க சார்” என்றார் கரிபாப்பைக் கடித்துக்கொண்டே. “கடைசி வரி வரைக்கும் போனாத்தான் திரும்ப முடியும். ஸ்டாப்வாட்ச் வெக்கிறாங்க மத்தவங்க. எனக்கு எதுக்கு? தல திரும்புது, நான் எண்ணிக்கிறேன்.”

“அந்தப் பையன்?”

“அவன்தான் எல்லாரையும் விட நல்லா வாசிச்சான். நாளைக்கு நம்மளா இருக்குமோன்னு பயந்து வாசிக்கிறதும், நம்மதான்னு தெரிஞ்சி வாசிக்கிறதும் வேற சார்.”

அவருடைய உரைநடை நன்றாக இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஞாயிறு மலரில் வருவதைவிட நன்றாக இருந்தது. ‘நல்ல’, ‘அழகான’, ‘மிகவும்’ என்ற மூன்று சொற்களுக்கு அவர் வகுப்பில் தடை. என் செய்தி ஒன்றை ஒருநாள் வெட்டி எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஒரு தீ விபத்து. ‘குடும்பத்தினர் சோகத்தில் மூழ்கினர்’ என்று முடித்திருந்தேன்.

“யாரு சார் முழுகுனா? எத்தன பேரு? எங்க நின்னாங்க, கையில என்ன வெச்சிருந்தாங்க?”

எனக்கு நினைவிருந்தது. ஒரு கிழவர் கருகிய விசிறியின் இறக்கையை வைத்திருந்தார். அதைச் சொன்னேன்.

“அத எழுதல. முழுகுனாங்கன்னு எழுதியிருக்கீங்க” என்றார். என் பத்திரிகை ஆசிரியர்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

இலக்கணத்துக்கும் அதே கத்திதான். ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், என் ரூலர் ஒடஞ்சிருச்சு” என்றாள்.

“தானாவா?”

“இல்ல டீச்சர். ஒடைக்கப்பட்டுச்சி.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“யாரால்?”

அந்தச் சிறுமி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள்தான் உயிர்த்தோழி. பிறகு சொன்னாள். டீச்சர் பலகையில் அந்த வாக்கியத்தைத் தோழியின் பெயரோடு முழுசாக எழுதி, எழுவாய்க்கு ஒரு கோடு, பயனிலைக்கு இரண்டு கோடு போட்டார். எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

பத்திக்கான சரக்கு எங்கிருந்து வந்தது? படிக்கட்டின் மேல்தளத்திலிருந்து. பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாக்கள் அங்கே நிற்பார்கள். நம்மவர்களுக்கு வாத்தியாரைக் கண்டால் குறை சொல்லாமல் இறங்க முடியாது. “டீச்சர், உங்ககிட்டதான் சொல்றேன், வேற யாருக்கும் தெரியாது” என்று தொடங்குவார்கள். படுக்கையை நனைப்பது, தங்கச்சியைக் கிள்ளுவது, அப்பா குடித்துவிட்டு வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவது. “நீங்க சொன்னாத்தான் கேப்பான். கொஞ்சம் சொல்லிக் குடுங்க டீச்சர்.” அவர் தலையைச் சாய்த்து, முகத்தில் உண்மையான அக்கறையோடு கேட்பார். அது நடிப்பில்லை. பலகையைப் பார்க்க ஒரு பையன் கண்ணைச் சுருக்குகிறான் என்று எல்லாரையும்விட முதலில் கண்டுபிடித்து, அவன் அப்பா வர நேரமாகும் என்பதால் தானே கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனவர் அவர். மறுவாரப் பத்தி, எதிரில் வந்த சொந்த மாமாவை யாரென்று தெரியாமல் “அங்கிள், மணி என்ன?” என்று கேட்ட ஒரு சிறுவனைப் பற்றியது.

“நான் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கறதில்ல சார்” என்றார் ஒருமுறை. “அவங்களே கொட்டிட்டுப் போறாங்க. நான் கூட்டி அள்ளுறேன்.”

தாளின் அடியில் பெற்றோர் கையொப்பத்துக்குக் கோடு இருக்கும். எல்லாத் தாளும் கையொப்பத்தோடு திரும்பி வந்தது. பள்ளியிலிருந்து வருவதையெல்லாம் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகிய கைகள். நான் அறிய ஒரே ஒரு தகப்பன் வாசித்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

“என்னா டீச்சர் இது? எம்மவன் கத ஊரே படிக்கணுமா?”

“எந்த வரி தப்புண்ணே?”

“தப்பு ரைட்டு பேசல நான்.”

“இல்ல, காட்டுங்க. எந்த வரியில நடக்காதத எழுதியிருக்கேன்?”

அவர் தாளை விரித்துப் பார்த்தார். உதடு அசைய முழுவதையும் வாசித்தார்.

“இத அவனாவே படிச்சானா?” என்று கேட்டார்.

“அவனாவேதான். போன வருஷம் ‘அணில்’னு படிக்கத் தெரியாது உங்க மகனுக்கு.”

லோரிக்காரர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். பையன் தொடர்ந்து வந்தான்.

லோஷினி வந்தது ஆண்டின் நடுவில். பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்குக் குடிவந்த பிள்ளை. ஐந்தாம் ஆண்டு. வரிக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பாள். வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. விரல் நுனிகளில் தோல் உரிந்திருக்கும்.

“ஸ்கூல்ல கைய விரிச்சிட்டாங்க டீச்சர்” என்றார் அந்த அம்மா மேல்தளத்தில். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. “படிக்கலன்னா என்னைய மாதிரி அந்த பேக்டரிக்குத்தான் வருவா. அது மட்டும் வேணாம் டீச்சர். நீங்க என்ன வேணா செய்யுங்க.”

“வருஷக் கடைசிக்குள்ள படிப்பா” என்றார் டீச்சர். அவர் வாக்குக் கொடுத்துத் தவறியதில்லை.

அந்த அம்மா இறங்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். லோஷினியின் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் அவர் பூச்சோங்கில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். போன தீபாவளிக்குத் தானே ஒரு கைக்கடிகாரம் வாங்கி, அப்பா அனுப்பியது என்று கொடுத்திருக்கிறார். “அவளுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். மனசு கஷ்டத்துல இருக்கேன், அதான் உங்ககிட்ட சொல்றேன். புள்ளையக் கொஞ்சம் பாத்துக்குங்க.”

லோஷினியின் பக்கத்தில் பவித்ரா என்ற பிள்ளையை உட்கார வைத்தார்கள். அவளும் மெதுவாக வாசிப்பவள்தான். அவளைத் தகப்பன் ஒரு பழைய வேனில் கொண்டுவந்து இறக்குவார், படியேறியதே இல்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே அழிப்பானை ஆளுக்குப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். லோஷினி அந்தக் கடிகாரத்தைக் காட்டி, “எங்கப்பா சிங்கப்பூர்லேர்ந்து அனுப்புனது லா” என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த அம்மா இன்னும் சில தடவை மேல்தளத்தில் நின்று கொட்டிவிட்டுப் போனார். சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பிழை பார்க்க வந்த பத்தி இது:

‘ஒரு தாய் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூச்சோங்குக்குப் பேருந்து ஏறுகிறார். வேலைக்குப் போவதாக மகளிடம் சொல்கிறார். அன்று தொழிற்சாலைக்கு விடுமுறை.

பூச்சோங்கில் ஒரு தாமான் குடியிருப்பில், ஒரு வீட்டுக்கு எதிரே அவர் நிற்கிறார். அந்த வீட்டுக் கொடியில் மகளுடைய அப்பாவின் சட்டை காய்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கைக்குழந்தையின் சட்டையும் காய்கிறது. தாய் கதவைத் தட்டுவதில்லை. அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகிறார்.

அப்பா சிங்கப்பூரில் இருப்பதாக மகள் நம்புகிறாள். மஞ்சள் வார் வைத்த கைக்கடிகாரத்தை அவள் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.’

ஏழாம் கேள்வி: ‘அப்பா எங்கே இருக்கிறார்? இரண்டு சான்றுகள் தருக.’

“டீச்சர், புள்ளைக்குத் தெரியாதுன்னுதானே அந்தம்மா சொன்னாங்க” என்றேன்.

“தெரியாததத்தான் சார் படிக்கணும். தெரிஞ்சதப் படிக்க எதுக்கு எழுத்து?” என்றவர், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீரை ஒரு வாய் குடித்தார். “எழுத்துப் பிழ இருக்கா?”

“இல்ல.”

“அப்போ அடிங்க.”

மறுநாள் வகுப்பில் தாள் கொடுக்கப்பட்டபோது நான் இடைவெளி ஓரம் நின்றிருந்தேன். முன்வரிசைச் சடை வழக்கம்போல் முதலில் திரும்பியது. பிறகு மற்றவை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாசி லெமாக் பையன் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தான். திரும்பாத தலைகள் இரண்டு. ஒன்று பவித்ராவுடையது, அது இரக்கமா, வாசிப்பின் வேகமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்னொன்று லோஷினியுடையது. அவள் விரல் இரண்டாம் பத்தியில் இருந்தது. அவளைத் தவிர அந்த அறையில் அநேகமாக எல்லாருக்கும் அவள் அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

ஏதோ தோன்றி அவள் நிமிர்ந்தாள். தன்மேல் நிற்கும் கண்களைப் பார்த்தாள். கடைசியில் டீச்சரைப் பார்த்தாள்.

“படி” என்றார் அவர். “கொஞ்சந்தான் இருக்கு. படிச்சிரு.”

படித்தாள். விரல் நகர்ந்தது. உதடு அசைந்தது. சட்டை, கைக்குழந்தை, பேருந்து. கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. வலது கை தாளை விட்டு எழுந்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டது. கீழே கடைக்காரர் யாருக்கோ அண்டாவின் விலை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவள் பென்சிலை எடுத்துக் கேள்விக்குப் போனாள்.

திருத்திய தாளை டீச்சரே எனக்குக் காட்டினார். ஏழாம் கேள்விக்கு, ‘அப்பா பூச்சோங்கில் இருக்கிறார். 1. அப்பாவின் சட்டை. 2. பாப்பாவின் சட்டை’ என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண். கடைசிக் கேள்விக்கு, ‘நான்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்து: ‘முழு வாக்கியத்தில் விடையளிக்கவும்.’

“மொத தடவையா ஒரு பத்திய முழுசாப் படிச்சிருக்கா சார்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வாரம் தாள் அம்மாவின் கையொப்பத்தோடு வந்தது.

“அம்மா பாத்தாங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

“சைன் வெச்சாங்க டீச்சர்.”

கடிகாரம் கையில் இருந்தது. சிங்கப்பூர்ப் பேச்சு அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து லோஷினி எதையும் விடாமல் வாசித்தாள். படிக்கட்டில் ஒட்டிய அறிவிப்பு, என் மேசையில் கிடந்த நேற்றைய நாளிதழ், மரண அறிவித்தல்கள், கரிபாப் சுற்றிவந்த தாள். முதலில் விரல் போயிற்று. பிறகு உதடு அசைவது நின்றது. வகுப்பில் தலைகள் திரும்பும்போது அவளுடையது கடைசியிலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து முன்னுக்கும் வந்தது. டீச்சர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மா ஒரு டப்பா நெய்யுருண்டையோடு வந்தார். டீச்சரின் காலில் விழப் போனவரை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுல பேப்பர வெச்சிக்கிட்டுப் படிக்கிறா டீச்சர். எனக்கு வர்ற லெட்டரெல்லாம் அவதான் படிச்சிச் சொல்றா. நீங்க தெய்வம் டீச்சர்.” என் பக்கம் திரும்பி, “சார் பேரு போட்டு வர்றதக்கூடப் படிக்கிறா” என்றார். “என்னமோ, முன்ன மாதிரி அவங்க அப்பாவப் பத்திக் கேக்கறதில்ல. வளந்துட்டா போல.”

டீச்சர் ஒரு நெய்யுருண்டையை எனக்கும் நீட்டினார்.

ஆண்டு முடிவதற்குச் சற்று முன் வந்த பத்தி, வாடகை வீட்டை இழந்து தகப்பனோடு வேனில் தூங்கும் ஒரு சிறுமியைப் பற்றியது. வேன் இரவில் பசார் சந்தைக்குப் பின்னால் நிற்கிறது. காலையில் அவள் பெட்ரோல் நிலையக் கழிவறையில் குளித்துச் சீருடை மாட்டிக்கொள்கிறாள். பள்ளியில் கேட்டால், புது வீட்டுக்கு மாறப் போகிறோம் என்கிறாள். கடைசி வாக்கியம்: ‘அவளுடைய பென்சில் பெட்டியில், பாதி அழிப்பானுக்கு அடியில், ஒரு பல்துலக்கி இருக்கிறது.’

பவித்ராவின் தகப்பன் படியேறியதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

“இது யாரு டீச்சர் சொன்னா?”

“உங்க பேப்பருக்கு நீங்க இருக்கீங்க” என்றார். “எனக்கும் இப்ப ஒரு நிருபர் கெடச்சாச்சு சார்.”

நான்காம் வரியில் ஒரு கால்புள்ளி விடுபட்டிருந்தது. சேர்த்துக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை தாள்கள் வரிசையாகப் பின்னுக்குப் போயின. பிடரிகள் குனிந்தன. மழை தொடங்கியிருந்ததால் கீழே கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கும் ஓசை கேட்டது. முன்வரிசைச் சடை இன்னும் அசையவில்லை. முதலில் திரும்பிய தலை லோஷினியுடையது. அதற்கு அதிகம் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் பவித்ராவின் விரல் இரண்டாம் பத்தியில் இருந்தது.